கட்டிய கயிறு எது? இரட்சணிய யாத்திரிகத்தில் இறையன்பு

அன்பு என்னுஞ் சொல் தமிழ்ப் பக்தியிலக்கியத்தில் மிகுதியாக வழங்கிவந்த சொல். அம்மிகுதியாலேயே, இறைவனின் அன்பு என்று கிறிஸ்தவர் கூறும்போது அவர் கருதுவது யாது என நாம் ஆராயாது விட்டுவிடுகிறோம். எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்று மேடையிற் கூறிக் கைதட்டுப் பெறுவது எளிது. ஆயின், இலக்கியம் கற்கும் மாணவனுக்கு அவ்விடை போதாது. சைவக் குடும்பத்திற் பிறந்த யான், கிறிஸ்தவ காவியம் ஒன்றின் ஒரேயொரு செய்யுளை வைத்து இவ்வினாவை அணுக முற்படுகிறேன்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827 - 1900) திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்தவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலுருப் பெற்றது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டம் அவருக்கு நன்மையை விடத் தீமையையே மிகுதியாகச் செய்துள்ளது என்பது என் கருத்து. கம்பனின் சாயலைத் தேடுவோர் சாயலைக் கண்டதும் நூலை மூடிவிடுகின்றனர்.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு இக்காவியம் பிறந்த மண் அந்நியமானதன்று. 1854இல் இங்கு தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன், தன் உபதேசியார்களைத் திருநெல்வேலியிலிருந்தே அழைத்து வந்தது. அத்தகைய தோட்டத்துச் சபையொன்றில் வளர்ந்த நண்பர் ஒருவர் பேராதனையில் என்னுடன் பயில்கிறார். "பெரிய வெள்ளி தோறும் இயேசு நமக்காக அடிபட்டார் என்று கேட்டுக் கேட்டு, அது மனதிற் படாமலே போய்விட்டது" என்று அவர் ஒருநாள் கூறினார். இக்கட்டுரை அப்பேச்சிலிருந்தே தொடங்கியது.

பனியனின் நூலிற் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. பயணியின் முதுகுச் சுமை கழன்று உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. அவன் மகிழ்ந்து மேலே நடக்கிறான். அன்பின் பயன் அங்கே தெரிகிறது. அன்பு செய்தவன் தெரியவில்லை. கிருஷ்ணபிள்ளை இதனோடு அமையவில்லை. மூலத்தில் இல்லாத இரட்சணிய சரிதப் படலத்தைச் சேர்த்து, இயேசு பிடிபட்டது முதல் சிலுவையில் அறையுண்டது வரை விரித்துப் பாடுகிறார்.

அப்படலத்தில் இயேசு கட்டுண்டு நிற்கும் இடத்திற் கவிஞர் நம்மை நோக்கிப் பேசுகிறார். அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ண வேண்டாம். தம்மைப் பகைத்த இழிந்த மாந்தரை நினைந்து உருகும் அன்பே அவரைப் பிணித்தது. அத்தளையை அறுக்க இயலாமலே இறைமகன் ஓர் ஏழையைப் போலத் தளர்ந்து நின்றார் என்பது செய்யுளின் கருத்து. கயிற்றை அறுக்க வல்லவர், அன்பை அறுக்க மாட்டாதவராகிறார். சர்வவல்லமை என்று சமய நூல்கள் பேசுவதற்கு இங்கே ஓர் எல்லை தோன்றிவிடுகிறது. அவ்வெல்லை வெளியிலிருந்து வந்ததன்று.

இவ்வுருவகம் எங்கிருந்து வந்தது? வைணவராக வளர்ந்தவருக்குத் தாமோதரன் கதை நினைவில் இராதிருக்குமா? யசோதை எத்துணைக் கயிறு கொணர்ந்து இணைத்தும் இரு விரலளவு குறைந்துகொண்டே போயிற்று. அவள் களைத்ததைக் கண்டு இரங்கிய பின்னரே கண்ணன் கட்டுப்பட்டான். அங்கும் இறைவனைக் கட்டியது அன்பே. ஆயின், கட்டிய கை தாயின் கை. எருசலேமிற் கட்டிய கையோ பகைவனுடையது. கிருஷ்ணபிள்ளை பழைய உருவகத்தை எடுத்து, அதில் ஒரு பக்கத்து அன்பை முற்றாக நீக்கிவிடுகிறார். மறுபக்கத்தில் மட்டும் எஞ்சிய அன்பையே அவர் இறையன்பு என்கிறார்.

சைவ வாசகர் இவ்விடத்திற் குறுக்கிடலாம். தம்மைப் பித்தன் என்று வைத சுந்தரரைச் சிவபெருமான் தடுத்தாட்கொள்ளவில்லையா? நியாயமான கேள்விதான், என் நெஞ்சிலும் இது எழுந்தது. வைதவரிடத்துச் செல்லும் அருள் நமக்குப் புதிதன்று. எனினும், சுந்தரரின் வசை பின்னர்ப் பாட்டாகிறது. அடிமையோலை வழக்கும் ஆட்கொள்ளலில் முடிகிறது. இயேசுவை எள்ளி நகைத்த கூட்டமோ அக்காட்சியில் மனந்திரும்பவில்லை. பயன் காணாத இடத்திலும் அந்த அன்பு நிற்கிறது. வேறுபாடு நுட்பமானது, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இது வெறுங் கவிக்கற்பனையா என்று ஐயுறுவோர் கண்டி நகரின் வரலாற்றையே நோக்கலாம். கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் 1692இல் இந்நகரை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றரென்று ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் இங்கு பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினர். தம்மைச் சிறைவைத்த அந்நகரில் அடிகளார் தங்கி, கைவிடப்பட்ட நோயாளரைப் பராமரித்தார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை விட, விடுதலையடைந்த பின்னும் அவர் நகரை விட்டுப் போகாததே எனக்கு வியப்பளிக்கிறது.

கிருஷ்ணபிள்ளையிடம் குறையில்லை என்று கூறேன். அதே படலத்தில், இயேசு படும் அவமானத்தைக் கண்டோர் புலம்புகின்றனர்: நிலம் ஏன் பிளந்திலது? வானம் ஏன் இடிந்து விழுந்திலது? கடல் ஏன் வற்றிற்றிலது? ஓசையால் உயர்ந்த பகுதி இது. பள்ளி மாணவரும் இதனையே மனனஞ் செய்வர். ஆயின், இப்புலம்பல் வேண்டுவது தண்டனையை. உலகம் அழியவேண்டும் என்பதை. சற்று முன்னர் பகைவரையும் நினைந்து உருகிய அன்பைக் காட்டிய கவிஞர், இங்கே காவிய மரபின் சோகத்துக்கு இடங்கொடுத்துவிடுகிறார். நண்பரின் மனதிற் படாமற் போனது இந்தச் சோகமே என்று எண்ணுகிறேன். கயிற்றைப் பற்றிய செய்யுளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இதனை ஏன் எங்கள் கோயிலில் எவரும் சொல்லவில்லை என்று கேட்டு, புத்தகத்தை வாங்கிச் சென்றவர் இன்னும் திருப்பித் தரவில்லை.