புள்ளி வட்டத்தை விட்டு விலகும்போது

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ஸ்மார்ட் போர்டில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்து ஒரு வட்டம் வரைந்தேன். வட்டத்தின் மேல் நான்கு புள்ளிகள் வைத்து இணைத்ததும் வட்ட நாற்கரம் வந்தது. ஒரு புள்ளியை விரலால் இழுக்க இழுக்கக் கோண அளவுகள் மாறிக்கொண்டே இருந்தன. எதிர்க்கோணங்களின் கூடுதல் மட்டும் 180 பாகையிலேயே நின்றது. “எங்க இழுத்தாலும் நூத்தியெண்பதுதான் சார்!” என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. சாக்பீஸும் கோணமானியும் கொண்டு இதே இடத்துக்கு வர ஒரு பீரியட் முழுக்க ஆகியிருக்கும். இங்கே பத்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் தாளில் ஒரு படம் கொடுத்தேன். நாற்கரத்தின் மூன்று முனைகள் வட்டத்தின் மேல் இருந்தன. நான்காவது முனை வட்டத்துக்குச் சற்று உள்ளே இருந்தது. அந்த முனைக்கு எதிரே உள்ள கோணம் 70 பாகை. அந்த முனையில் உள்ள கோணம் 110 பாகையா, கூடவா, குறைவா? வகுப்பில் பாதிக்கு மேல் யோசிக்காமல் 110 என்று எழுதிவிட்டார்கள். வட்டமும் நாற்கரமும் கண்ணில் பட்டாலே 180 என்று மனத்தில் பதிந்திருந்தது. முனை வட்டத்தின் மேல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் கவனிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் நாள் நான் புள்ளியை வட்டத்தை விட்டு ஒரு முறைகூட வெளியே எடுக்கவில்லை.

வகுப்பறையில் மின்னணுக் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் நம் வழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு நாளுக்குள்ளேயே இருக்கின்றன.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இந்தச் சோதனைகள் புதிதல்ல. 2011-இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018-இல் மாறத் தொடங்கிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடும் ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டமும் சேர்ந்தன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 6,000-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், 2023-இல் மணற்கேணி செயலி என்று வரிசை நீள்கிறது. பொருளும் பணமும் வரவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. வந்த பொருள் வகுப்பில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

நல்ல வேலை செய்த இடத்தை முதலில் சொல்லிவிடுவோம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் செயலிகளில் மின்சுற்று அமைக்கும் ஒன்று உண்டு. பல்பை விட்டுவிட்டு மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்தால் திரையில் தீப்பற்றும். நிஜ ஆய்வகத்தில் எந்த ஆசிரியரும் இதைச் செய்ய விடமாட்டார். திரையில் ஒரு மாணவி நான்கு முறை தீ வைத்து, ஐந்தாம் முறை பல்பை நடுவில் கொண்டுவந்தாள். மின்தடை எதற்கு என்று அதன் பிறகு அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தவறு செய்ய இடம் கொடுத்ததுதான் அந்தச் செயலியின் பலம். அதற்கும் எல்லை உண்டு. அதே மாணவி நிஜக் கம்பியை எடுத்தபோது பல்பு எரியவில்லை, ஏனென்றால் கம்பி முனையில் பிளாஸ்டிக் உறையைச் சீவவில்லை. திரைக் கம்பிக்கு உறையே கிடையாது.

பாட வீடியோக்கள் இதற்கு நேர்மாறு. பெரும்பாலானவை பாடநூல் வரிகளை நல்ல குரலில் படித்துப் படம் சேர்த்தவை. விடுபட்ட பாடத்தைத் திரும்பப் பார்க்கவும் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும் அவை பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் வீடியோ ஓடும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நிறுத்திக் கேட்டால் “புரிஞ்சுது சார்” என்கிறார்கள். எது புரியவில்லை என்று வெளியே வர அங்கே வழியே இல்லை. கியூ.ஆர். குறியீட்டின் கதையும் இதுதான். பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. வீட்டுப் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கடைசியில் ஆசிரியர் தன் போனில் ஸ்கேன் செய்து நாற்பது பேருக்குக் காட்டுகிறார்.

பிழை வெளியே வர இடம் தரும் கருவிதான் உதவும் என்பது என் வகுப்பு அனுபவம் மட்டுமல்ல. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. சுமார் நாலரை மாதத்தில் மாணவர்கள் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறினார்கள். அந்த மென்பொருள் பிள்ளையின் பிழையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுத்தது. கணிதத்தில் அங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாக நான்கு வகுப்புக்கு மேல் பின்தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் என்ன பயன்? இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அது பள்ளி நேரத்துக்குப் பின் நடந்தது. கணினியில் பாதி நேரம் என்றால், மீதிப் பாதி சிறு குழுவாக ஓர் ஆளிடம் படித்தார்கள். அந்த ஆளை விட்டுவிட்டு மென்பொருளை மட்டும் வாங்கிப் போட்டால் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

நம் பள்ளிகளில் தட்டுப்பாடாக இருப்பது அந்த ஆளின் நேரம்தான். நாற்பது நிமிடப் பீரியடில் வகுப்பை லேபுக்கு அழைத்துப்போய் உட்கார வைக்கப் பத்து நிமிடம் போய்விடும். இருக்கும் கணினிகள் பத்தோ இருபதோ. ஒன்றுக்கு மூன்று தலைகள், மவுஸ் ஒரே கையில். சில நாள் லேபில் ஆன்லைன் தேர்வு, சில நாள் ஆசிரியர் பயிற்சி. கற்பிக்க வந்த கருவி, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்துக்கான பதிவுகளாக மாறி ஆசிரியரின் நேரத்தையும் தின்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, சோதனையைச் சோதனையாக நடத்தாதது. எத்தனை கருவி நிறுவப்பட்டது, எத்தனை பேர் பதிவிறக்கினார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று மேலே கணக்குப் போகிறது. எந்தப் பாடத்தில் எந்தப் பிழை குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் எந்தத் திட்டமும் தோற்றதாகப் பதிவில் இல்லை. அடுத்த திட்டம் வந்ததும் முந்தையது சத்தமில்லாமல் அலமாரிக்குப் போகிறது.

சரியாகச் சோதிக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ‘அ’ பிரிவுக்குத் திரையில், ‘ஆ’ பிரிவுக்குக் கரும்பலகையில்; முன்னும் பின்னும் ஒரே ஒரு கேள்வி; ஒரு வாரம் கழித்து அதே கேள்வி மீண்டும். சாக்பீஸே ஜெயித்தால் அதையும் எழுதி அனுப்பும் துணிவு ஆசிரியருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை மேலே இருப்பவர்களுக்கும் வேண்டும்.

அடுத்த வாரம் அதே வட்டத்தை மீண்டும் திறந்தேன். இந்த முறை இழுப்பதற்கு முன் கேட்டேன்: “புள்ளி உள்ளே வந்தா கூடுதல் என்ன ஆகும்? நோட்டுல எழுதுங்க.” அப்படியேதான் இருக்கும், குறையும், கூடும் என்று வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. அதன் பிறகே புள்ளியை வட்டத்திலிருந்து விடுவித்து உள்ளே நகர்த்தினேன். எண் 180-ஐத் தாண்டியது. நான் வாய் திறக்கும் முன்பே ஒருவன் எழுந்து, “சார், வெளியே இழுங்க, இப்ப குறையுதான்னு பார்ப்போம்” என்றான்.