பெட்டியை இழந்த மூன்று எழுத்து

எந்த நிறுவனம் லோகோவை மாத்தினாலும் திட்ட ஒரு கூட்டம் வரும். அமெரிக்கத் துணிக்கடைச் சங்கிலியான கேப், 2010 அக்டோபரில் தன் புது லோகோவை ஒரே வாரத்தில் திரும்பப் பெற்றதையும் வெறும் இணையக் கூச்சலின் விளைவு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எண்ணம் மாறிவிட்டது.

பழையது கருநீலச் சதுரம். உள்ளே வெள்ளையில் மூன்று ஒல்லியான, உயரமான எழுத்துகள். இருபது வருஷத்துக்கு மேல் இருந்த அடையாளம். புதியதில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு ஹெல்வெடிகா எழுத்து. கடைசி எழுத்தின் தோளுக்குப் பின்னால் குட்டியாய் ஒரு நீலச் சதுரம். எழுத்துக்கு வீடாக இருந்தது ஓரத்து ஸ்டிக்கர் ஆகிவிட்டது.

ஹெல்வெடிகா மோசமான எழுத்துரு இல்லை. ஆனால் அதை எத்தனையோ நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. எழுத்தை மட்டும் பார்த்து இது கேப் என்று சொல்ல முடியாது. அடையாளம் காட்ட வேண்டியது சதுரம்தான். அதையே சுருக்கிவிட்டார்கள்!

இன்னொன்று, அந்தக் குட்டிச் சதுரத்தில் நீலம் அடர்த்தியிலிருந்து வெளிறிப் போகிறது. திரையில் சரி. சட்டைக் கழுத்தில் தைக்கும் லேபிளில்? நூலில் அதைக் கொண்டுவருவது கஷ்டம். பழசுக்கு இரண்டே நிறம் போதும். அதன் வடிவமே லேபிள் மாதிரிதான்.

எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம், 'உங்க டிசைனையும் காட்டுங்க' என்கிற பாணியில் மக்களிடமே கேட்டது. எனக்கு உறுத்துவது இதுதான். ஏன் மாற்றுகிறோம் என்பதில் தெளிவு இருந்தால் அப்படிக் கேட்கத் தோன்றுமா?