கழற்றக்கூடிய சுவர்

கவின் கலைக் கல்லூரி முடித்த இளைஞன் ஒருவன் வந்திருந்தான். 'ஆர்ட் டைரக்டரா ஜெயிக்கணும்ணே, என்ன பண்ணணும்?' என்றான். நாலு வருஷம் அசிஸ்டென்ட்டா இரு, பட்ஜெட் போடக் கத்துக்கோ, கேமராமேனோட சண்டை போடாதே என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் போனபிறகுதான் 'ஜெயிக்கணும்' என்ற சொல் உறுத்தத் தொடங்கியது.

ஓவியனுக்கு ஓவியம் மிஞ்சுகிறது. கலை இயக்குநருக்கு? படப்பிடிப்பு முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது பிம்பமும் டைட்டிலில் ஒரு பெயரும்தான். பிம்பத்தை இயக்குநரின் பேரிலும் ஒளிப்பதிவாளரின் பேரிலும் எழுதிவைப்பது நம் விமர்சன வழக்கம். ஆக, கலை இயக்குநரின் வெற்றி என்பது பெரும்பாலும் பெயரைச் சுற்றிக் கட்டப்படுகிற ஒரு கதையாடல்.

இதன் உச்சம் ஹாலிவுட்டின் செட்ரிக் கிப்பன்ஸ். 1924 முதல் 1956 வரை எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் கலைத்துறைத் தலைவர். அமெரிக்காவில் அந்த ஸ்டுடியோ எடுக்கும் எல்லாப் படங்களிலும் தன் பெயர் வரவேண்டும் என்பது அவருடைய ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்தவை ஏறக்குறைய 1500 படங்கள். 11 ஆஸ்கார் வாங்கினார். அந்த ஆஸ்கார் சிலையை வடிவமைத்தவரும் அவரே. ஆனால் ஒரு மனிதனால் 1500 படங்களுக்கு வரைய முடியாது. பெரும்பாலானவற்றுக்கு வரைந்தவர்கள் அவருக்குக் கீழிருந்த கலை இயக்குநர்கள். அவருக்குத் திறமை இல்லை என்பதல்ல இதன் பொருள். ஆசிரியன் என்பவன் ஒரு ஒப்பந்த ஷரத்தின் மூலமும் உற்பத்தி செய்யப்படலாம் என்பதுதான்.

வெற்றிக்கு வேறு அளவுகோல் உண்டா? பன்ஸி சந்திரகுப்தா நினைவுக்கு வருகிறார். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காக (1956) காசி வீட்டு முற்றம் ஒன்றைத் திறந்தவெளியில் கட்ட நினைத்தார். மழைக்குப் பயந்து கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டவேண்டியதாயிற்று. நாலுபுறமும் உயர்ந்த சுவர். மேலே வானம் தெரியும் முற்றம். அப்படிப்பட்ட இடத்தில் வெளிச்சம் நிழல் விழாமல் கசிந்துதான் இறங்கும். ஸ்டுடியோ விளக்கால் இது முடியாது என்று வாதாடிய ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா, கடைசியில் செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழேயிருந்து விளக்கடித்து, தெறித்துவரும் ஒளியில் படமெடுத்தார். நம் ஒளிப்பதிவில் அது ஒரு திருப்பம். வழக்கமாக செட்தான் கேமராவுக்கு வளைந்துகொடுக்கும். இங்கே வீட்டின் சட்டத்துக்குக் கேமரா பணிந்தது.

செட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு பிளைவுட்டோ பெயிண்ட்டோ இல்லை. செட்டின் சுவரைக் கழற்றலாம். கேமரா பின்னால் போக இடம் வேண்டுமா, சுவரைத் தூக்கு. அரண்மனைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஏழை வீட்டுக்கு நஷ்டம் உண்டு. ஏழை வீட்டின் முதல் உண்மையே நகராத சுவர்தானே? ஒருத்தர் குனிந்தால்தான் இன்னொருத்தர் தாண்டிப்போக முடிகிற இடம் அது. சுவரைக் கழற்றிய நொடியில் ஏழைக்கு இல்லாத இடம் பார்வையாளனுக்குக் கிடைத்துவிடுகிறது. அழுக்கு, துரு, ஒழுகல் எல்லாம் 'அச்சு அசலாக' இருக்கும். நெரிசல் மட்டும் இருக்காது.

'நாயக'னுக்காக (1987) தோட்டா தரணி சென்னையில் தாராவியை எழுப்பினார். தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். அங்கே எந்தச் சுவரைக் கழற்றினார்கள் என்பதல்ல நம் கேள்வி. அந்தச் செட்டைப் பாராட்ட நமக்குக் கிடைத்த ஒரே சொல் 'அப்படியே இருக்கு' என்பதாக ஏன் இருந்தது? நிஜத் தாராவியைக் கட்டிய கைகளில் திருநெல்வேலிப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்கப் போன தமிழர்களின் கைகளும் உண்டு. செட்டுத் தாராவியைக் கட்டியவர்கள் தச்சர்களும் பெயிண்டர்களும் மோல்டிங் ஆட்களும். இரண்டு தாராவிகளுக்குமிடையில் ஒரு பெயர் விருது வாங்குகிறது. கிப்பன்ஸின் ஷரத்து எழுதப்படாமலேயே இங்கும் அமலில் இருக்கிறது; அதை எழுதியவர்களில் விமர்சகர்களாகிய நாமும் உண்டு.

அந்தத் தம்பி திரும்ப வந்தால் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். பட்ஜெட் போடக் கத்துக்கோ, தப்பில்லை. ஆனா என்னைக்காவது ஒரு குடிசை போடச் சொன்னா, கழற்ற முடியாத மாதிரி ஒரு சுவராவது வை. கேமராமேன் சண்டைக்கு வருவார். வரட்டும். அந்தச் சண்டையில்தான் உன் வேலை ஆரம்பிக்கிறது.