மட்டம் பார்த்த பிறகு டாஸ் போடுங்கள்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவிலும் தங்கம் வென்றவர் புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. அவருக்கு முன்பு, 2008-ல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 1991, 1995 ஆகிய ஆண்டுகளின் உலக சாம்பியன் மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். பன்னாட்டு கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதும் இதே ஊரில்.

இப்படிப்பட்ட ஊரில் நடக்கும் போட்டிகளில் பரிசுத் தொகையைப் பற்றிப் பேசுகிறோம், கோப்பையின் உயரத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆடப்போகும் போர்டு இருவருக்கும் ஒன்றுபோல நடந்துகொள்ளுமா என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. வடசென்னை கேரத்துக்கு இப்போது முதல் தேவை அந்தப் பேச்சுதான்.

விதிப் புத்தகத்தில் குறையில்லை. ஆடுதளம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம், பலகையின் தடிமன் குறைந்தது 8 மில்லிமீட்டர், பாக்கெட்டின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காயின் ஒவ்வொன்றும் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. போர்டின் வேகத்துக்கும் சோதனை உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை பேஸ் லைனின் நடுவிலிருந்து ஓங்கி அடித்தால், அது இரு சட்டங்களுக்கும் இடையே குறைந்தது மூன்றரை முறை போய் வர வேண்டும். அரை நிமிடத்தில் முடிகிற வேலை இது. போட்டி நாளன்று, அந்த இடத்திலேயே, ஒவ்வொரு போர்டிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கியபோது சரியாக ஓடிய போர்டுதானே என்று விட முடியாததற்குக் காரணம் நம் காற்று. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மூன்றுமே கடலை ஒட்டியவை. மாலையில் கடற்காற்று ஏற, பவுடர் ஈரம் பிடித்துக் கட்டியாகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிளைவுட் பலகையே ஈரம் குடித்து லேசாக உப்பலாம். சாமியானா பந்தலில் மதியம் மூன்று மணிக்கு ஆடிய போர்டும், இரவு பத்து மணிக்கு அதே இடத்தில் இருக்கும் போர்டும் ஒன்றல்ல.

போர்டின் வேகம் மாறினால் ஆட்டமே மாறும். போர்டு மந்தமானால், மெல்லிய கட் அடித்து ஆடுபவரின் காயின் பாக்கெட்டின் வாயிலேயே நின்றுவிடும். முரட்டு அடிக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. ஜூனியர் பிரிவில், விரல் வலு குறைந்த சிறுவர் சிறுமியரை இது நேரடியாகப் பாதிக்கிறது. மாறாக, பவுடரை அள்ளிக் கொட்டி வேகம் ஏற்றினால் ஸ்ட்ரைக்கரும் காயினைத் துரத்திக்கொண்டு பாக்கெட்டில் விழும். டியூ எனும் அபராதம் கட்ட வேண்டியதுதான். மிக வேகமான போர்டு முதலில் அடிப்பவருக்கும் கூடுதல் பலம் தருகிறது. ஒரே முறையில் ஒன்பது காயினையும் குயினையும் எடுத்துவிடும் ஒயிட் ஸ்லாம் அங்கே கைக்கெட்டும். ஒரு போர்டில் அதிகபட்சம் 12 புள்ளி, 25 புள்ளியில் கேம் முடிகிறது என்னும்போது அந்த ஒரு ஸ்லாம் பாதிக் கேமைத் தின்றுவிடும்.

அடுத்தது மட்டம். ஒரு பக்கம் இம்மி சாய்ந்திருந்தாலும் மெதுவாகப் போகும் காயின் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கேமுக்குக் கேம் இடம் மாறி உட்காரும் விதி இந்தக் குறையை இருவருக்கும் பங்கிடுமே தவிர, தீர்க்காது. கொத்தனாரின் ரசமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து, ஸ்டாண்டின் காலுக்கு அடியில் அட்டை கொடுத்தால் தீர்ந்தது. விளக்கு தலைக்கு நேர் மேலே, கண் கூசாதபடி மறைப்புடன் தொங்க வேண்டும். தெருவிளக்கின் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஆடினால் ஒருவர் தன் கையின் நிழலிலேயே குறி பார்க்க வேண்டியிருக்கும்.

சாய்வான மேசை இயந்திரத்தில் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் என்றொரு ஆட்டம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் அதன் போட்டிகளில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே இயந்திரத்தின் சாய்வு வழக்கமாக ஆறரை டிகிரி. பக்கவாட்டில் மட்டம் பார்ப்பார்கள். இயந்திரத்தை எவ்வளவு உலுக்கினால் பந்து பறிபோகும் என்பதைப் போட்டிக்கு முன்பே அமைத்துவிடுவார்கள். கூடுதல் பந்து தரும் வசதியை நிறுத்திவைப்பார்கள். ஆட்டத்தின் நடுவே இயந்திரம் பழுதானால் என்ன செய்வது என்பதற்கும் எழுதப்பட்ட விதி உண்டு. பொழுதுபோக்குக் கூடத்து ஆட்டம் என்று பலர் நினைக்கும் ஒன்றுக்கு இவ்வளவு கவனம் தருகிறார்கள். உலக சாம்பியன்களை உருவாக்கும் நம் ஆட்டத்துக்கு இதற்குக் குறைவான கவனம் தகுமா?

போர்டை ஒதுக்கும் முறையும் நேர்மையின் ஒரு பகுதிதான். நல்ல போர்டை இறுதி ஆட்டத்துக்கு ஒதுக்கி, முதல் சுற்றைத் தேய்ந்த போர்டில் தள்ளிவிட்டால், பெயர் தெரியாத புதியவர்கள் அங்கேயே காணாமல் போவார்கள். எந்த ஆட்டம் எந்த போர்டில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு முன் பழகிப் பார்க்கும் வாய்ப்பு இருவருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும். பவுடர் போடுவதும் துடைப்பதும் நடுவரின் கண்முன் நடக்க வேண்டும். தன் கிளப் ஆட்டக்காரர் ஆடும் போர்டில் நடுவர் உட்காரக் கூடாது.

நேர அட்டவணையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் இங்கே நிறைய ஆடுகிறார்கள். அவர்களை மணிக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, நள்ளிரவில் அடுத்தடுத்து ஆடச் சொன்னால் திறமை தோற்று, தூக்கம்தான் ஜெயிக்கும். பெண்கள் பிரிவையும் சிறுவர் பிரிவையும் பகலிலேயே கட்டாயம் முடித்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு ரசமட்டம், ஒரு சிறு மின்னணுத் தராசு, ஈரம் படாத டப்பாவில் நல்ல பவுடர், ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு போர்டுக்கும் எண் கொடுத்து, சோதித்த நேரத்தையும் முடிவையும் அந்தக் குறிப்பேட்டில் எழுதி ஆட்டக்காரர்கள் பார்க்கும்படி வையுங்கள். பெரிய கோப்பை வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை இதற்கு எடுத்துவைக்கும்படி ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கிளப்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டக்காரர்களே, நீங்களும் டாஸ் போடுவதற்கு முன் மூன்றரைச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.