கைப்பேசியும் களமும்

இளைஞர்க்கு அரசியலில் நாட்டமில்லை என்பது பெரியோர் நெடுங்காலமாகச் சொல்லிவந்த குறை. 2017 சனவரியில் அது பொய்த்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த ஏறுதழுவுதலுக்காக இளைஞர்கள் மெரினாக் கடற்கரையில் பெருந்திரளாகக் கூடினர். அவர்களைக் கட்சிகள் அழைக்கவில்லை. முகநூலும் வாட்ஸ்அப்பும் அழைத்தன. சனவரி 17இல் தொடங்கிய கூட்டம் 23ஆம் நாள் கலைக்கப்படுமுன்பே அவசரச் சட்டம் பிறந்துவிட்டது. தச்சங்குறிச்சியில் ஆலய விழாவையொட்டியே காளைகளை அவிழ்த்துவிடும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு அவ்வெற்றி அயலூர்ச் செய்தியன்று.

அடுத்த மாதமே நம் மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்திற்கு எதிரான போராட்டம் மூண்டது. கைப்பேசி செய்தியைப் பரப்பியது. வெளியூர் இளைஞரையும் கொணர்ந்தது. ஆயினும் அப்போராட்டம் முதற்கட்டத்திலேயே 22 நாள்கள் நிலைத்தமைக்குக் காரணம், ஊர்ப் பெண்களும் உழவர்களும் வேலையை விட்டுக் களத்தில் அமர்ந்ததே.

மூன்றாவது நிகழ்வுதான் நம்மை உறுத்துகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் அருந்தும் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. குற்றவாளி யார் என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. ஆனால் விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர் முன், தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிப்பட்டன. செய்தி கைப்பேசிதோறும் சென்றது, சினமும் எழுந்தது. மெரினாவைப் போன்றதொரு திரள் மட்டும் எழவில்லை.

ஏன்? நாம் எதன்முன் நின்று பார்க்கிறோமோ அதையே சமூக ஊடகம் மேலும் மேலும் காட்டுகிறது. நம் பெருமையைத் தொடும் செய்தியில் நாம் நிற்கிறோம். நம் தெருவைக் கேள்வி கேட்கும் செய்தியை விரலால் தள்ளிவிடுகிறோம். மெரினாவில் நாம் பிறரைக் கேட்டோம். வேங்கைவயல் நம்மைக் கேட்கிறது. கல்லறையிலும் சாதிக்குச் சுவர் எழுப்பிய வரலாறு உடைய நாம் இக்கேள்வியிலிருந்து தப்ப இயலாது.

சமூக ஊடகம் குறித்து வத்திக்கான் 2023இல் வெளியிட்ட சிந்தனை ஏடு, நல்ல சமாரியர் உவமையை எடுத்தாள்வது பொருத்தமே. குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியரும்கூடக் கண்டனர். அணுகிச் சென்றவரோ சமாரியர் ஒருவரே. இளையோரைக் கைப்பேசியை விடும்படி நாம் வேண்டவில்லை. அதில் கண்டதை நோக்கி நடக்கும்படியே வேண்டுகிறோம். திருக்கோகர்ணத்திலிருந்து வேங்கைவயல் நெடுந்தொலைவன்று. கண்டு கொதித்த நம்முள் எத்தனை பேர் அங்கே சென்று, ஒரு குவளை நீர் கேட்டு வாங்கி அருந்தியிருப்போம்?