முதல் சட்டம் கொடுப்பவர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது வவுணதீவு. அந்தப் பக்கத்துக் கன்னன்குடா கூத்துக்குப் பேர்போன ஊர். கூத்துப் பழக வரும் இளந்தாரியின் குரலையும் உடல்வாகையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேடம் என்று கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தீர்மானிப்பார். பாட்டெழுதிய தாளைக் கையில் கொடுப்பார். சட்டம் கொடுத்தல் என்பது இதுதான். களரி என்னும் கூத்து மேடையில் ஒருமுறைகூட ஏறாதவனுக்கும் அதில் இடமுண்டு.

பிறகு மாதக்கணக்கில் பழக்கம். மத்தளத்தோடு நின்று தாளக்கட்டைச் சொல்லிக் கொடுப்பார். ஆட்டம் காலில் படிந்த பிறகே சதங்கை. அரங்கேற்றத்தன்று புதியவன் பாட்டில் தடுமாறினால் பிற்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுத்துத் தாங்கிக்கொள்வார்கள். கூத்தில் மிக அழகான இடம் அதுவே.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கலையைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். ஆட வந்தவர்கள் மாணவர்கள். அவர்களில் ஒருவரான மட்டக்களப்பு சி. மௌனகுரு 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடினார். படிக்கிற பிள்ளையை நம்பி அத்தனை பெரிய வேடத்தைக் கொடுக்கத் துணிவு வேண்டும்.

பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரான மௌனகுரு, அதே கூத்தைத் தம் மாணவர்களைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார்.