பண்டகசாலையில் பிறந்த இசை

நல்லிசை யாது என்னும் வினாவுக்கு முற்போக்காளராகிய நாம் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுண்டு: மக்கள் வாழ்வைப் பாடுவதே நல்லிசை. விடை சரியானதே. ஆயினும், ‘பாடுவது’ என்னும் சொல்லை நாம் மிகக் குறுகிய பொருளிற் கொண்டுவிட்டோம். பாட்டின் சொற்களை மாத்திரம் எடுத்து வைத்து, அவற்றில் வறுமை உண்டா, போராட்டம் உண்டா எனத் தேடுகின்றோம். இல்லையெனில் ‘வெறும் கேளிக்கை’ என்று ஒதுக்கிவிடுகின்றோம். இவ்வளவுகோல் எங்கே பிழைக்கின்றது என்பதை உணர்த்துதற்கு ‘ஹவுஸ்’ என்னும் அமெரிக்க நடன இசையும், சிறப்பாக அதன் உள்ளுருக்கம் மிக்க கிளையாகிய ‘சோல்ஃபுல் ஹவுஸ்’ இசையும் ஏற்ற சான்றாகும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எம் மாணவர் கைத்தொலைபேசியிற் கேட்கும் நடனப் பாடல்கள் பலவற்றில் இதன் தாளம் கலந்திருக்கின்றது. ஆசிரியராகிய நாமோ அதனை ‘மேனாட்டுச் சத்தம்’ என்ற இரு சொற்களில் முடித்துவிடுகின்றோம்.

ஹவுஸ் என்றால் வீடு. ஆனால் இவ்விசை வீட்டிற் பிறந்ததன்று. 1977இல் சிக்காகோ நகரின் பழைய தொழிற்கட்டடம் ஒன்றில் ‘வெயர்ஹவுஸ்’, அதாவது பண்டகசாலை, என்னும் பெயரோடு ஒரு நடனக்கூடம் தொடங்கப்பட்டது. பிராங்கி நக்கிள்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் நியூயோர்க்கிலிருந்து வந்து அங்கே இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து இரவு முழுவதும் இசைத்தார். ஆட வந்தோரிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமான தன்பாலீர்ப்பினர். வெள்ளையர் உலகு அவர்களை நிறத்தால் விலக்கியது. சொந்தக் குடும்பமும் திருச்சபையும் வேறொரு காரணத்தால் விலக்கின. இருமுறை விலக்கப்பட்டோர் கூடிய அந்தப் பண்டகசாலையின் பெயரே சுருங்கி இசையின் பெயராயிற்று. வீடிழந்து தறப்பாளின்கீழ் வாழ்ந்த வன்னி மக்களுக்கு, ஒரு கூரையின்கீழ் அச்சமின்றி ஒன்றுகூடுதல் என்பதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

அக்காலச் சூழலையும் நோக்குதல் வேண்டும். 1979 ஜூலை 12ஆம் நாள் சிக்காகோவின் கொமிஸ்கி விளையாட்டரங்கில் ஒரு விந்தை நிகழ்ந்தது. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோர் 98 சதத்துக்குப் பேஸ்போல் ஆட்டம் பார்க்கலாம் என அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 50,000 பேர் திரண்டனர். வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் திடலுக்குட் பாய்ந்தது. இரண்டாம் ஆட்டம் நடைபெறவேயில்லை. அன்று அவ்வரங்கில் வழிகாட்டும் வேலை பார்த்த வின்ஸ் லோரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், டிஸ்கோவுக்குத் தொடர்பற்ற கறுப்பினக் கலைஞரின் தட்டுகளும் அக்குவியலிற் கிடந்ததைக் கண்டதாகப் பின்னர் கூறியுள்ளார். வெறுப்பு இசையின்மீதா, இசைத்தவர்மீதா? அதே லோரன்ஸ், ஜெசி சோண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து 1984இல் ஆக்கிய ‘ஒன் அண்ட் ஒன்’ என்பதையே முதல் ஹவுஸ் இசைத்தட்டு எனப் பலர் கருதுகின்றனர். வெடித்த தட்டுகளுக்கு அதனினும் சிறந்த மறுமொழி இல்லை.

1980 மார்ச்சில் அந்நகரின் விஸ்கொன்சின் உருக்காலை மூடப்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவ்வாண்டுகளில், யப்பானிய ரோலண்ட் நிறுவனம் செய்து விற்பனையில் தோல்வியுற்ற தாளக்கருவிகள் பழைய பொருளாக மலிந்த விலைக்குக் கிடைத்தன. பெரிய வாத்தியக்குழுவை அமர்த்த வசதியற்ற இளைஞர் அவற்றை வாங்கி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி விழும் சீரான தாளத்தை அமைத்தனர். முதலாளியம் கழித்துவிட்ட பொருளிலிருந்து ஒரு கலை எழுந்தது.

அத்தாளத்தின்மீது கறுப்பினத் தேவாலயப் பாட்டின் உருக்கத்தைக் கொணர்ந்தவரே சோல்ஃபுல் ஹவுஸ் கலைஞர். லரி ஹேர்ட், அவரோடு பாடிய ரொபர்ட் ஓவன்ஸ், நியூ ஜேர்சியின் பிளேஸ் குழுவினர், போட்டோ ரீக்கோ வழிவந்த லூயி வேகா, கெனி டோப் ஆகியோர் இவர்களுட் குறிப்பிடத்தக்கவர். ஹேர்ட் 1986இல் வெளியிட்ட ‘கேன் யூ ஃபீல் இட்’ என்னும் ஆக்கத்தின் முதல் வடிவத்திற் சொல்லே இல்லை. பின்னர், மார்ட்டின் லூதர் கிங் 1963இல் ஆற்றிய பேருரையை அதன்மேற் பொருத்திய வடிவமும் வந்தது. உரை அங்கே ஒட்டவைத்ததாகத் தோன்றவில்லை. இசைக்குள் முன்னரே இருந்த ஏக்கம் வாய் திறந்ததுபோல அமைந்தது. சொல்லை மட்டும் தேடுவோர் அவ்வேக்கத்தைக் கேட்டிருக்கமாட்டார்.

‘ஒன்றையே திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசையில் என்ன கலை?’ என்பர் சிலர். வன்னியின் வயல்களை அறிந்தோர் இவ்வாறு வினவலாகாது. அரிவுவெட்டுப் பாட்டில் திரும்ப வரும் அடியே பல கைகளின் அரிவாள்களை ஒருங்கே இயக்கியது. சூடு மிதிக்கும் களத்தில் ‘பொலி’ என்னும் ஒரு சொல்லே இரவெல்லாம் சுழன்றது. கூட்டாக இயங்கும் உடல்களுக்கு மீளல் சலிப்பன்று, அதுவே பிணைப்பு.

இவ்விசையைக் குறையற்றதென நாம் கொண்டாடவில்லை. அது மூடிய உருக்காலையைத் திறக்கவில்லை. செல்வர் விடுதிகளின் விற்பனைச் சரக்காகவும் ஆயிற்று. 1990இல் உலகெங்கும் பரவிய சில நடனப் பாடல்களிற் குரல் கொடுத்தவர் மார்த்தா வாஷ். காட்சிப்படத்தில் வாயசைத்தவரோ மெலிந்த மேனியுடைய வேறு பெண்கள். தம் உழைப்புக்குரிய பெயரைப் பெற அவர் நீதிமன்றம் செல்லவேண்டியிருந்தது. ஹேர்டும் ஓவன்சும் தம் ஆக்கங்களின் உரிமையை 2022இலேதான் மீட்டனர். 2023இல் பண்டகசாலைக் கட்டடத்தைச் சிக்காகோ நகரம் பாதுகாக்கப்படும் சின்னமாக அறிவித்தது. கல்லுக்குக் கிடைக்கும் மரியாதை கலைஞருக்குக் கிடைப்பதில் எப்பொழுதும் இத்துணைத் தாமதமா?

இவ்வினா சிக்காகோவுக்கு மாத்திரம் உரியதன்று. எம் கோயில் விழாவுக்கும் சாவீட்டுக்கும் பறை வேண்டும். பறையை முழக்கியவரோ வீதியில் நிற்கவேண்டும் என்றே எம் சமுதாயம் விதித்திருந்தது. அவ்விழிவை மறுத்துப் பறையைக் கீழே வைத்தோரின் போராட்டம் நியாயமானது. அதே பறையை உரிமைக் குரலாகக் கையிலெடுத்தோரின் செயலும் நியாயமானதே. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் விருது ஒருவருக்குச் சூட்டப்படுவது. சமத்துவம் ஊரே வழங்கவேண்டியது. ‘சத்தம்’ என்று இசையை இகழ்வோர் பலர் உண்மையில் இகழ்வது அதனை எழுப்பும் மனிதரையே. இதில் கொமிஸ்கி அரங்கின் கூட்டத்துக்கும் எம் ஊர்ச் சாதிமான்களுக்கும் வேற்றுமை பெரிதன்று.

ஆகவே, ஓர் இசையை மதிப்பிடுமுன் மூன்று வினாக்களை எழுப்ப எம் மாணவருக்குக் கற்பிப்போம்: இதனை ஆக்கியவர் யார்? இதன்முன் ஒன்றாக நிற்க முடிந்தோர் யார்? இதன் பயனைக் கொண்டுபோனவர் யார்? அத்தோடு நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. அடுத்த பாடசாலை விழாவில் விருந்தினரை வரவேற்கப் பறைக் கலைஞரை அழைப்போமாயின், அவர் முழக்கி முடித்தபின், மேடையில் அவருக்கும் ஒரு நாற்காலி இடுவோம்.